கேட்காமல் கொடுத்த அரிசி



எங்கள் வீட்டு அடுப்படியில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில், ஒரு சிறிய கலயம் இருக்கிறது. நாள்தோறும் உலையில் அரிசி போடுமுன் அம்மா ஒரு பிடி அரிசியை அள்ளி அந்தக் கலயத்தில் போடுவார்கள். போடும்போது நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார்கள். சனிக்கிழமை மாலைக்குள் கலயம் நிறைந்துவிடும். ஞாயிறு பூசைக்குப் போகும்போது அதைப் பையில் கட்டிக் கோவிலுக்குக் கொண்டுபோவோம். இதுதான் பிடியரிசி. எங்கள் பங்கில் இதை அறியாத வீடே கிடையாது.

நான் சிறுமியாக இருந்தபோது, "நமக்கே காணாத நாளுலயும் ஏன்மா இதுல போடுதிய?" என்று கேட்டிருக்கிறேன். "நம்ம வயித்துல ஒரு பிடி குறைஞ்சா தெரியாது மக்கா. இல்லாதவுக வயித்துல ஒரு பிடி கூடுனா தெரியும்" என்றார்கள் அம்மா. அந்தப் பதில் எனக்கு இத்தனை ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. பத்தாம் வகுப்புக்கு வந்த இந்த ஆண்டில்தான் அதற்கு அப்பாலும் ஒரு கேள்வி இருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் எழுபது வயதைக் கடந்த ஓர் ஆச்சி. மற்றவள் என் வகுப்புத் தோழி. அவர்கள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

நம் பள்ளியில் இளங்கிறித்தவ மாணவர் இயக்கம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒய்.சி.எஸ். என்றால் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கூடுவோம். ஜூன் மாதம் நடந்த முதல் கூட்டத்தில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று என் கால் தரையில் பாவவில்லை. புதிய நோட்டு ஒன்று வாங்கி, அதற்கு அட்டை போட்டு, முதல் பக்கத்தில் 'சேவை அறிக்கை' என்று சிவப்பு மையில் எழுதினேன்.

அந்தக் கூட்டத்தில் சிஸ்டர் எங்களுக்கு ஓர் இளைஞரின் வரலாற்றைச் சொன்னார்கள். அவர் பெயர் பிரடெரிக் ஓசானாம். 1833-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர் அவர். வயது இருபதுதான். அதற்கு முந்திய ஆண்டு அந்நகரைக் காலரா நோய் சூறையாடியிருந்தது. மாணவர் கூடிப் பேசும் மன்றம் ஒன்றில் கிறிஸ்தவ மறை உலகுக்குச் செய்த நன்மைகளை ஓசானாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாற்றுக் கருத்துடைய ஒருவர் எழுந்து, அதெல்லாம் பழங்கதை, இன்று ஏழைகளுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாராம். அந்தக் கேள்வி ஓசானாமின் நெஞ்சில் தைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் சில மாணவ நண்பர்கள் கூடினார்கள். அன்று பிறந்ததுதான் புனித வின்சென்ட் தே பவுல் சபை.

அந்த மாணவர்களுக்கு நல்ல மனம் இருந்தது. ஆனால் வழி தெரியவில்லை. பாரிசின் ஏழைத் தெருக்களில் பல்லாண்டு தொண்டாற்றிய ரோசலி ரெந்து என்னும் கன்னியர்தாம் எந்த வீட்டுக்குப் போவது, போனால் எப்படி நடந்துகொள்வது என்று கற்றுக்கொடுத்தார். வறியவரைத் தம் வாசலுக்கு வரவழைத்துக் கொடுப்பது அந்தச் சபையின் வழக்கம் அன்று. அவர் வீட்டுக்கே போய், அவரோடு உட்கார்ந்து, பேசி வருவதே வழக்கம். ஓசானாம் 1853-இல் நாற்பது வயதில் இறந்துபோனார். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பாரிஸ் நகரிலேயே அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார்.

இதையெல்லாம் நான் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டேன். 'உட்கார்ந்து பேசி வருவது' என்பதையும் எழுதினேன். எழுதியதோடு சரி.

ஜூலை முதல் ஞாயிறு தொடங்கி, எங்கள் பங்கு வின்சென்ட் தே பவுல் சபையாரோடு நாங்கள் ஐந்து மாணவியர் பிடியரிசி கொண்டுபோனோம். நான்கு வீடுகள். அவற்றுள் ஒன்றுதான் ஆச்சியின் வீடு. ராதாபுரத்திலிருந்து கடற்கரைப் பக்கமாகப் போகும் சாலையில் இறங்கி, செம்மணல் தேரியில் நடந்தால் பனங்காடு வரும். தலைக்கு மேலே காற்றாலைகள் 'உஸ் உஸ்' என்று சுற்றிக்கொண்டிருக்கும். பனைகளின் நடுவே நாலைந்து வீடுகள். கடைசி வீடு ஆச்சியுடையது. பக்கத்தில் ஒரு பாழடைந்த விடிலி. முன்பு அதில்தான் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்தார்களாம்.

ஆச்சி நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஊர்ச் சுடலைமாடன் கொடைக்கு வரி கொடுக்கிற குடும்பம். அவருடைய வீட்டுக்காரர் பனையேறி. காலையும் மாலையும் பனையேறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவார். ஆச்சி அதை விடிலியில் காய்ச்சி, பாகு இறுகும் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவார். ஒரு மழைநாளில் பனை வழுக்கி விழுந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றுமுதல் ஆச்சி ஓலைப்பெட்டி முடைந்து பிழைத்து வந்தார்.

நாங்கள் போனதும், "வாங்க மக்களே, வெயில்ல வந்திருக்கிய. உக்காருங்க" என்று திண்ணையைத் தம் முந்தானையால் தட்டிவிடுவார். "இல்ல ஆச்சி, இன்னும் மூணு வீடு இருக்கு" என்று அரிசிப் பையை வைத்துவிட்டுத் திரும்புவோம். ஒவ்வொரு முறையும் ஆச்சி ஒரு காரியம் செய்வார். பையைத் திறந்து, ஒரு பிடி அரிசியை அள்ளி, மீண்டும் எங்களிடமே நீட்டுவார். "இத அடுத்த வீட்டுக்குச் சேத்துருங்க" என்பார். நாங்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வோம். 'ஏழ்மையிலும் பெருந்தன்மை' என்று என் நோட்டில் ஒரு தலைப்பும் போட்டேன். ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஜூலையிலிருந்து நவம்பர்வரை ஏறக்குறைய இருபது ஞாயிறுகள் போயிருப்போம். ஒரு ஞாயிறுகூட அந்தத் திண்ணையில் நாங்கள் உட்காரவில்லை.

நவம்பர் மாதத்தில் உலக வறியோர் நாள் வந்தது. இந்த நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் ஏற்படுத்தினார். 2017 முதல் ஆண்டுதோறும் திருச்சபை முழுவதும் இதைக் கொண்டாடுகிறது. அன்று அரிசியோடு ஒரு சேலையும் கொண்டுபோனோம். நினைவுக்கு ஒரு படம் எடுக்கலாம் என்று சொன்னவள் நான்தான். ஆச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முந்தானையை இழுத்துப் பாதி முகத்தை மூடிக்கொண்டார். வெயிலுக்காக என்று நினைத்தேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கி நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். கீழே 'ஏழை மூதாட்டிக்கு அரிசியும் சேலையும் வழங்கும் நம் மாணவியர்' என்று வண்ண மையில் எழுதினேன். படத்தின் நடுவில் சிரித்துக்கொண்டு நிற்பவளும் நானே.

அன்று மதியம் என் தோழி என்னோடு சாப்பிட உட்காரவில்லை. அவள் ஒன்பதாம் வகுப்பில்தான் நம் பள்ளிக்கு வந்தவள். கணக்கில் வகுப்பிலேயே முதல்வள். எனக்கு வராத வடிவியல் கணக்கை எல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். ஓர் ஆண்டுக்கு மேலாக ஒரே மரத்தடியில் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் நாங்கள். அன்று அவள் எழுந்துபோய்க் குழாயடியில் தனியே உட்கார்ந்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், "ஏட்டி, எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது எங்க ஆச்சி" என்றாள்.

எனக்குப் பேச்சு எழவில்லை. இருபது ஞாயிறுகள் நான் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். நாங்கள் பனங்காட்டில் வருவதைப் பார்த்ததும் அவள் கொல்லைப்புறமாக எழுந்துபோய், நாங்கள் திரும்பும்வரை அந்தப் பாழடைந்த விடிலிக்குள் நின்றிருக்கிறாள். உன் வீடு எங்கே என்று ஒருநாள்கூட நான் அவளிடம் கேட்டதில்லை.

ஓடிப்போய்ப் படத்தைக் கிழித்தெடுத்தேன். அவளிடம் சொன்னேன். "பலகையில இருந்து எடுத்துட்ட. பாத்தவங்க கண்ணுல இருந்து எடுக்க முடியுமா?" என்று கேட்டாள். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று நம் ஆண்டவர் சொன்னதை ஞாயிறு மறைக்கல்வியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். வலக்கை செய்ததைப் பள்ளி முழுவதற்கும் பறைசாற்றியவளும் நானே.

இந்த இடத்தில் வடக்கன்குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்கள் ராதாபுரம் வட்டத்தில் உள்ள ஊர். என் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் ஊரும் அதற்குப் பக்கம்தான். 1745-ஆம் ஆண்டு புனித தேவசகாயம் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகிய அவர் 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் அவரைப் புனிதராகத் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தபோது எங்கள் ஊர்களில் எல்லாம் மணி அடித்தோம். அதே வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு பெரிய கோவில் எழுந்தது. அதற்கு இரண்டு நீண்ட கூடங்கள். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். நடுவே ஒரு சுவர். ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மற்றவர் மறு கூடத்தில். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரு பக்கமும் தெரியும்; மக்களுக்கோ ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. 1910-இல் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருவான கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. கோவிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்தக் கதையைத் தாத்தா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். 'நல்லவேளை, அந்தக் காலம் போய்விட்டது' என்று நினைத்துக்கொள்வேன். அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது. எனக்கும் என் தோழிக்கும் நடுவே ஒரு சுவர் இருந்திருக்கிறது. கொடுப்பவர் ஒரு கூடம், வாங்குபவர் ஒரு கூடம். அரிசிப் பையைச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் இருப்பது யார் என்று எட்டிக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறேன்.

அந்த வார வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை எல்லார் முன்னும் சொன்னேன். என் தோழியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அழுகை வந்துவிட்டது. சிஸ்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினார்கள்: பார், சீர்தூக்கு, செயல்படு. இவை பெல்ஜியம் நாட்டுக் குருவான ஜோசப் கார்டைன் அடிகளார் காட்டிய வழி. அவர் குருமடத்தில் சேர்ந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, ஆலை வேலைக்குப் போய்விட்ட பழைய பள்ளித் தோழர்கள் அவரைவிட்டு விலகிப் போனார்களாம். அந்த வேதனையில் தொடங்கிய பணிதான் 1925-இல் இளங்கிறித்தவத் தொழிலாளர் இயக்கமாக உருவெடுத்தது. நம் மாணவர் இயக்கமும் அந்த வழியில் வந்ததே. 1961-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் தம் சுற்றுமடலில் இந்த மூன்று படிகளையும் எல்லாருக்கும் பரிந்துரைத்தார். தோழர்கள் விலகிப்போன வேதனை கார்டைன் அடிகளாருக்கும் இருந்தது என்று கேட்டபோது என் மனம் சற்றுத் தேறியது.

"பிள்ளைகளா, இதுல நாம எந்தப் படியில ஆரம்பிச்சோம்?" என்று சிஸ்டர் கேட்டார்கள்.

"மூணாவது படியில சிஸ்டர்" என்றாள் ஒருத்தி.

"சரி. அந்த ஆச்சிக்கு ஏன் அரிசி வேண்டியிருக்கு? யாருக்காவது தெரியுமா?"

வகுப்பறை அமைதியாக இருந்தது. என் நோட்டில் தேதி இருந்தது. எத்தனை கிலோ என்ற கணக்கும் இருந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

திங்கட்கிழமை மதியம் என் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியல. நீ சொல்லு. ஆச்சிக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்க வீட்டுல அரிசி இல்லன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

எனக்குத் தலையில் அடித்ததுபோல் இருந்தது. நம் மாநிலத்தில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. எங்கள் வீட்டிலும் அதைத்தான் வாங்குகிறோம். இருவர் உள்ள வீட்டுக்கு அது ஏறக்குறையப் போதும். ஆச்சிக்கு இல்லாதது அரிசி அன்று, காசு. எண்ணெய்க்குக் காசில்லை, பருப்புக்குக் காசில்லை. மூக்குக்கண்ணாடி உடைந்து போனதால் பெட்டி முடையவும் முடியவில்லை. மளிகைக் கடையில் கடன் ஏறிக்கொண்டிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவளுடைய அம்மா அனுப்பும் பணம், பழைய மருத்துவச் செலவுக் கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாரமும் ஆச்சி ஒரு பிடி அரிசியைத் திருப்பிக் கொடுத்தாரே, அதன் பொருள் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'எனக்கு இது வேண்டாம் மக்கா' என்று எங்கள் மனம் நோகாமல் அவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆச்சிக்கு முதியோர் பணம் வருமே?" என்று கேட்டேன். நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962 முதல் கொடுக்கப்பட்டு வருகிறது. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சமூக அறிவியல் பாடத்துக்காகப் படித்திருந்தேன்.

"ஏழு மாசமா வரல" என்றாள். பிறகு விவரமாகச் சொன்னாள். மாதந்தோறும் ஒருவர் கையடக்கக் கருவியோடு ஊருக்கு வருவார். அதில் விரலை வைத்தால் பணம் கொடுப்பார். ஆச்சியின் விரல் ரேகை அந்தக் கருவியில் விழவில்லை. ஆண்டாண்டு காலமாகக் கொதிக்கும் பாகிலும் பனைநாரிலும் உழைத்த விரல்கள், ரேகை தேய்ந்துபோயிருந்தது. "அடுத்த மாசம் பாப்போம் ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமும் விழவில்லை. பணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று ஆச்சி முடிவு செய்துகொண்டார். என் தோழி மட்டும் நம்பவில்லை. பள்ளி விடுமுறையில் தனியாகப் பேருந்து ஏறி வங்கிக்குப் போயிருக்கிறாள். கணக்குக்கு உரியவரே நேரில் வர வேண்டும், கூடவே பெரியவர் யாரேனும் வந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். மூட்டு வலியால் ஆச்சியால் பேருந்து நிறுத்தம்வரை நடக்க முடியாது. கூட வருவதற்குப் பெரியவர் யாரும் இல்லை. ஆட்டோவுக்குப் பணமும் இல்லை. விஷயம் அங்கேயே நின்றுவிட்டது.

"பத்தாவது முடிஞ்சதும் நானும் திருப்பூர் போயிருவேன்னு நினைக்கேன்" என்று கடைசியில் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள் அப்படிச் சொன்னாள்.

அன்று மாலையே அவள் சம்மதத்தோடு சிஸ்டரிடம் சொன்னேன். சிஸ்டர் பங்குச் சாமியாருக்கும், வின்சென்ட் தே பவுல் சபைத் தலைவருக்கும் செய்தி சொன்னார்கள். தலைவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு வேலைநாளில் மாமா தம் ஆட்டோவைக் கொண்டுவந்தார். ஆச்சி, என் தோழி, மாமா, அவர் மனைவி நால்வரும் வங்கிக்குப் போனார்கள். நான் போகவில்லை. வரவா என்று தோழியிடம் கேட்டேன். "வேண்டாம், நானே பாத்துக்கிடுதேன்" என்றாள். அது சரி என்று எனக்கும் பட்டது.

வங்கியில் இருந்தவர்கள் ஆச்சியை உட்காரவைத்து மரியாதையாகவே பேசினார்களாம். கணக்குப் புத்தகத்தில் பதிவு போட்டுப் பார்த்தபோது, ஏழு மாதப் பணமும் அப்படியே இருந்தது. 8,400 ரூபாய்! யாரும் நிறுத்தவில்லை. எடுக்க முடியாமல் கிடந்திருக்கிறது. சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் உருட்டிக் கொடுத்து ஆச்சி தம் பணத்தைப் பெற்றுக்கொண்டார். எங்கள் அரிசிப் பை இருபது ஞாயிறுகளில் செய்யாததை ஒரு கேள்வியும், ஓர் ஆட்டோவும், ஒரு காலைப்பொழுதும் செய்து முடித்தன.

தோழியரே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். நாங்கள் கொடுத்த அரிசி எங்களுடையது. அதைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். ஆனால் அந்தப் பணம் ஆச்சியுடையது. தமக்கு உரியதைத் தாமே எடுக்க முடியாமல் இருந்த ஒருவருக்கு, எங்களுடையதைக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டோம். அன்பு வேறு, நீதி வேறு என்று சிஸ்டர் சொல்வார்கள். அன்பு இல்லாத நீதி வறண்டுபோகும். நீதியைக் கேளாத அன்பு, என்னைப்போல் படம் எடுத்துக்கொள்ளும்.

அதோடு நாங்கள் நிற்கவில்லை. அந்தப் பனங்காட்டு ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம். ரேகை விழாத முதியவர் இன்னும் மூவர் இருந்தார்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரு மனு எழுதினோம். ரேகை தேய்ந்தவர்களுக்கு வேறு வழியில் வீட்டிலேயே பணம் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தோம். தேர்வுக்காக எத்தனையோ முறை 'ஐயா, வணக்கம்' என்று அலுவலகக் கடிதம் எழுதியிருக்கிறேன். உண்மையாகவே ஒருவர் படிக்கப் போகிற கடிதம் எழுதியது அதுவே முதல்முறை. எழுதியது நான், திருத்தியது என் தோழி. நால்வரும் தங்கள் பெருவிரலை வைத்தார்கள். காகிதத்தில் அந்த மை நன்றாகவே பதிந்தது. மாமா அதை ராதாபுரம் வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வந்தார். பதிலுக்குக் காத்திருக்கிறோம். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நால்வரையும் மாமாவின் ஆட்டோ வங்கிக்கு அழைத்துச் செல்லும்.

கேட்பது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதும் அன்று. கூடங்குளம் அணுமின் நிலையத்தைக் குறித்து 2011-இல் இடிந்தகரை லூர்து மாதா கோவில் முற்றத்தில் பந்தல் போட்டு மக்கள் உண்ணாநோன்பு இருந்ததை என் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். மீன் விற்கும் பெண்களும் பீடி சுற்றும் பெண்களும் அங்கே நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்களாம். அந்த நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்கள் வகுப்பிலேயே இரண்டு கருத்து உண்டு. அங்கே வேலை பார்க்கும் தந்தையரின் பிள்ளைகளும் எங்களோடு படிக்கிறார்கள். ஆனால் கோவில் முற்றம் என்பது கை நீட்டி வாங்குவதற்கு மட்டும் அன்று, எழுந்து நின்று கேட்பதற்கும் உரிய இடம் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

பிடியரிசி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது நிற்கவில்லை. வீடு வீடாகக் கேட்டபோதுதான், செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களைப் பற்றி அறிந்தோம். குடும்ப அட்டையைச் சொந்த ஊரில் விட்டுவந்தவர்கள். அரிசி உண்மையிலேயே அவர்களுக்குத்தான் தேவையாக இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறோம்.

கிறிஸ்துமசுக்கு முந்திய ஞாயிறன்று ஆச்சி வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். முதல்முறையாகத் திண்ணையில் உட்கார்ந்தேன். ஆச்சி புதிய மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டி முடைந்துகொண்டிருந்தார். கடைக் கடனில் பாதி அடைத்தாயிற்றாம். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். "ஆச்சி, அந்தப் படம்... மன்னிச்சுக்கிடுங்க" என்றேன். ஆச்சி சிரித்தார். "சின்னப்புள்ள. நீ கெட்டதுக்கா செஞ்ச? இனும கேட்டுட்டுச் செய்யி" என்றார். புறப்படும்போது ஒரு சிறிய ஓலைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். அதில் ஒரு பிடி அரிசி இருந்தது. "சூளையில பிள்ளைக இருக்குன்னு பேத்தி சொன்னா. அங்க சேத்துரு மக்கா" என்றார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

என் தோழி இப்போது மீண்டும் மரத்தடியில் என்னோடு சாப்பிடுகிறாள். நம் இயக்கத்திலும் சேர்ந்திருக்கிறாள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேள்வி கேட்பவள் அவள்தான். திருப்பூர் போவதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். முடிவு என்னவாகும் என்று நான் சொல்ல முடியாது. அவளுக்காக நாள்தோறும் ஒரு செபமாலை சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் கொடுத்து, "போடட்டுமா?" என்று கேட்டேன். இரண்டு இடங்களில் அடித்துவிட்டு, எழுத்துப் பிழைகளைத் திருத்தி, "இப்ப போடு" என்றாள். அதன் பிறகே கொடுத்தேன்.

தங்கையரே! அடுத்த ஆண்டு என் நோட்டு உங்களில் ஒருத்தியின் கைக்கு வரும். அதில் 'சேவை அறிக்கை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததை நான் அடித்துவிட்டேன். அதன் கீழே 'என்ன வேண்டும் என்று கேட்டாயா?' என்று எழுதியிருக்கிறேன். நாளை காலையும் எங்கள் அம்மா அந்தக் கலயத்தில் ஒரு பிடி அரிசி போடுவார்கள். உங்கள் வீட்டிலும் போடுங்கள். கொண்டுபோகும் வீட்டில் சற்று நேரம் உட்காருங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி